பதினோராவது குழாய்

நீங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. இதையே வேறொருவன் என்னிடம் சொல்லியிருந்தால் "உனக்குத் தூக்கம் பத்தல, போய்ப் படு" என்றுதான் நானும் அனுப்பியிருப்பேன். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளி இறுதி வகுப்பு, தாண்டிய முதல் ஆள் நான். சாமி இறங்குவது, செத்தவர் கனவில் வந்து சொல்வது இதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு, அந்தப் பேச்சு தொடங்கினாலே நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். "பெரிய சைன்ஸு வந்துட்டாரு" என்று அம்மா உள்ளிருந்து கிண்டலடிப்பார். எனக்கு அது கிண்டலாகப் பட்டதில்லை, பட்டம் மாதிரிதான் இருந்தது.

மலேசியாவில், காம்பார் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். என் வேலை கரி. மண்ணுக்கு அடியில் கிடைக்கும் பழைய மரத்துண்டும் கரித்துண்டும் எந்த இடத்து மரம் என்று வேதியியலை வைத்துக் கண்டுபிடிப்பது. ஒரு மரம் நிற்கும் மண்ணில் ஸ்ட்ரான்சியம் என்று ஒரு பொருள் உண்டு, அது தண்ணீரோடு வேரில் ஏறி மரத்துக்குள் தங்கிவிடும். அதில் கனமான வகையும் லேசான வகையும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது இடத்துக்கு இடம் மாறும். வெட்டினாலும் எரித்தாலும் அந்தக் கலவை மாறாது. கருங்கல் மலையடியில் வளர்ந்த மரத்துக்கு ஓர் எண், கடலோரச் சேற்றில் வளர்ந்த மரத்துக்கு வேறு எண், அவ்வளவுதான் விஷயம். ஆள் பொய் சொல்வான், கரி சொல்லாது என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

நாங்கள் பிறந்தது சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயங்களை, இடித்தாயிற்று, ஆட்கள் எல்லாம் டவுனில் மலிவு விலை வீடுகளில் இருக்கிறார்கள். மிச்சம் இருந்தது மாரியம்மன் கோயிலும் அதற்கு முன்னால் இருக்கும் தீக்குழியும், சேர்த்து அரை ஏக்கர். அதையும் எடுக்க வந்தார்கள். கோயிலும் குழியும் நிலம் கைமாறிய பிறகு அவசரமாக உண்டாக்கியவை, குழியில் இருப்பது கடையில் வாங்கிப் புதைத்த கரி என்று நிறுவனத்தார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நில அலுவலகத்தில் கோயில் கமிட்டியிடம் ஒரே விஷயம் சொன்னார்கள்: கீழ் அடுக்கில் இருக்கும் கரி இந்த மலை மரத்துக் கரிதான் என்று ஆய்வுக்கூட அறிக்கை கொண்டுவாருங்கள், அரை ஏக்கரை விட்டுவிடச் சொல்கிறோம், இல்லையென்றால் இடிப்பதைத் தடுக்க முடியாது. கரியின் வயதைப் பார்க்க வேறோர் ஆய்வுக்கூடம், எந்த இடத்து மரம் என்பது எங்கள் தலையில்.

எனக்கு இது சுலபமான வேலை என்றுதான் பட்டது, ஏனென்றால் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீமிதிக்கு விறகு வாங்கவே கூடாது. வீட்டுக்கு ஒரு கட்டை, அதுவும் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் நின்ற மரத்திலிருந்து வெட்டியது, வீட்டு ஆளே தோளில் சுமந்து வந்து போட வேண்டும். தீமிதி முடிந்ததும் தணலை அள்ள மாட்டார்கள். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த வருஷம் அதன் மேலேயே மூட்டுவார்கள். அதனால் குழியை வெட்டிப் பார்த்தால் கெக் லாப்பிஸ் என்ற அடுக்குப் பணியாரம் மாதிரி மண்ணும் கரியும் அடுக்கடுக்காக இருக்கும். வெளி மரம் ஒரு துண்டுகூட உள்ளே போக வழியில்லை.

ஒரு சனிக்கிழமை போய்த் தோண்டினேன். கோயில் கமிட்டிச் செயலாளர் பாக்கியம் அக்கா, டவுனில் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துகிறவர், குழிக்கரையில் குடையோடு நின்றுகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்தினார்.

"டேய் தினேசு, பாத்துலா. மரவள்ளிக் கிழங்கு புடுங்குற மாதிரி புடுங்காத. அது அம்மனோட அடுப்பு."

"அக்கா, பல்லு வெளக்குற பிரஷ்ஷாலதான் தோண்டுறேன்."

"அதான் பாக்குறேனே. இந்த வேகத்துல போனா அவன் வீட்ட கட்டி ஆள குடியேத்திருவான்."

என் அண்ணன் சேகர் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். அவர் சிரித்தார். "விடுங்கக்கா, யூனிவர்சிட்டிக்காரன். நம்ம குழி தோண்டுனா ஒரு மணி நேரம் ஆகும். அவன் தோண்டுனா ஒரு டிகிரி ஆகும்."

அண்ணன் லோரி ஓட்டுகிறவர். அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவருக்குப் பத்தொன்பது. என் காற்சட்டையிலிருந்து கணினி வரை அவர் லோரி ஓட்டி வாங்கியதுதான். அன்றைக்கும் ஒரு ஓட்டத்தை விட்டுவிட்டு எனக்கு உதவ வந்திருந்தார்.

பத்துப் பைகளில் கரித்துண்டுகளைப் போட்டு, பைகளைப் பெட்டியில் வைத்து முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் மோட்டார் சைக்கிளில் வந்தவன், பெட்டியை நனைக்க முடியாது. அண்ணன் திங்கட்கிழமை காம்பார் வழியாகத்தான் போவதாகச் சொன்னார். "லோரியிலயே இருக்கட்டும்ணே, வரும்போது குடுத்துருங்க" என்று கொடுத்துவிட்டேன்.

நான் செய்த தப்பு இதுதான். எங்கள் வேலையில் பெட்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறினால் முத்திரை ஒட்டி, கொடுத்தவரும் வாங்கியவரும் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனிடம் போய்க் காகிதத்தை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்பதா? வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். அண்ணனிடம் கேட்டால் அவரைத் திருடன் என்று சொல்லுகிற மாதிரி இருக்கும். வாய் வரவில்லை. இரண்டு கட்டத்திலும் என் பெயரையே எழுதி, பெட்டி என் கையைவிட்டுப் போகவில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. திறந்தால் கரியெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. முழுத்துண்டாக இருந்தால் உருப்பெருக்கியில் நாரைப் பார்த்தே ஓரளவு மரத்தைச் சொல்லிவிடலாம். லோரி குலுக்கலில் உடைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னை என்ன சொல்வது.

பத்தையும் கழுவி, சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, பத்துக் குழாய்களில் எடுத்து இயந்திரத்தில் வைத்தேன். முதல் குழாய், கடல் எண். இரண்டாவதும் கடல் எண். நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாமே கடல். தைப்பிங் பக்கத்துச் சூளைகளில் கடலோரச் சேற்றில் வளரும் பாக்காவ் மரத்தை எரித்துச் செய்கிறார்களே, கடையில் மூட்டையாக விற்கும் கரி, அதன் எண். பத்தும் அதேதான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. நிறுவனம் சொன்னது உண்மை, எங்கள் ஆட்கள் கடைக்கரியைக் கொண்டுவந்து குழியில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நம் பையன், எப்படியும் எழுதிக் கொடுத்துவிடுவான் என்று. அப்போதே பாக்கியம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, குழியில என்னா போட்டு வச்சீங்க?"

"என்னாடா கேக்குற?" பின்னால் எண்ணெய் பொரியும் சத்தமும் பிள்ளைகள் இரைச்சலும் கேட்டன.

"கடைக்கரி. பத்துப் பையிலயும் கடைக்கரி."

"நம்ம குழியில எதுக்குடா கடைக்கரி போடணும்? சாத்தே எறச்சி சுடவா?"

"சிரிக்காதீங்கக்கா. என் பேர வச்சு ஏமாத்தப் பாத்தீங்க. என் படிப்பே போயிருக்கும்."

அவர் எண்ணெய்ச் சட்டியைவிட்டுத் தள்ளி வந்தார். பிறகு குரலை இறக்கி, "தினேசு, வார்த்தைய விடாத. உன்ன இடுப்புல தூக்கித் திரிஞ்சவ நான். தோண்டுனதும் நீ, மூட்டை கட்டுனதும் நீ, கொண்டு போனது உங்க அண்ணன். நான் கையால தொடக்கூட இல்லயேடா" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டேன், ஆனால் காதில் ஏறவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இனிமேல் சொல்லப் போவதைத்தான் நம்பினால் நம்புங்கள். நடந்தது நள்ளிரவில் இல்லை, மாலை நாலரை மணி, நல்ல வெயில், ஜன்னலுக்குக் கீழே பையன்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் பதினோராவது குழாய்க்கு வந்தது. அந்தக் குழாயில் ஒன்றும் கிடையாது. எங்கள் வழக்கம் அது. எந்தத் தொகுதியானாலும் ஒரு குழாயில் மாதிரியே போடாமல், சுத்த அமிலமும் சுத்தத் தண்ணீரும் மட்டும் விட்டு மற்றவற்றோடு எல்லாப் படியிலும் அனுப்புவோம். பிளாங்க் என்போம். நம் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ அழுக்கு சேர்ந்திருந்தால் அதில் தெரியும். ஒழுங்காக வேலை செய்திருந்தால் இயந்திரம் அதில் ஒன்றையும் காணாமல் அடுத்ததற்குப் போய்விடும்.

அன்றைக்குப் போகவில்லை. திரையில் கோடு ஏறியது. கரி போட்ட பத்துக் குழாய்களையும்விட உயரமாக ஏறியது. எண் வந்து நின்றபோது நான் என் பழைய குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் கோயிலைச் சுற்றி நின்ற மரங்களின் இலைகளைப் பறித்து வந்து, ஒப்பிடுவதற்காக இதே இயந்திரத்தில் ஓட்டி வைத்திருந்தேன். அதே எண். எங்கள் தோட்டத்து மலை எண், ஒன்றும் இல்லாத குழாயில்.

பழைய மாதிரி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். மறுநாள் மதியம் எல்லாவற்றையும் கழுவி, புதுப் புட்டி அமிலம் திறந்து, உறை பிரிக்காத புதுக் குழாய் எடுத்து, பிளாங்க் மட்டும் தனியாகத் தயார் செய்தேன். சுத்த அறையில் நான் ஒருவன்தான். குழாயைத் தூக்கினால் சுட்டது. கையுறையைத் தாண்டிச் சுட்டது, அடுப்பிலிருந்து எடுத்த கொள்ளிக்கட்டையைப் பிடித்த மாதிரி. சூடாக்கும் தட்டைப் பார்த்தேன், சுவிட்சே போடவில்லை. அமிலத்தில் தண்ணீர் கலந்ததால் சூடாகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் கலந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இயந்திரத்தில் வைத்தேன். மறுபடியும் மலை எண், கடைசி இலக்கம் வரை.

அறையைவிட்டு வெளியே போகலாம் என்று திரும்பினேன். சுத்த அறை வாசலில் நீல நிறத்தில் ஒட்டும் பாய் ஒன்று போட்டிருப்போம், உள்ளே வருகிறவர் காலில் இருக்கும் தூசியை அது பிடித்துக்கொள்ளும், தினமும் காலையில் மேல் தாளை உரித்துப் போட்டுவிடுவோம். அன்று காலை உரித்தவனே நான்தான். அந்தப் பாயில் பாதங்கள். எங்கள் இடத்தில் எல்லாரும் காலணிக்கு மேல் உறை மாட்டிக்கொண்டுதான் வருவோம், இவை வெறும் பாதங்கள். சாம்பல் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. பித்தவெடிப்பு விழுந்த அகலமான குதிகால்கள் இருந்தன, ஒடுங்கிய பாதங்கள் இருந்தன, ஒரு சின்னப் பிள்ளையின் பாதம் ஓரத்தில் தனியாக இருந்தது. எல்லா விரல்களும் உள்பக்கம் பார்த்திருந்தன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

நான் அந்தப் பாயைத் தாண்டித்தான் வெளியே வந்தாக வேண்டும். எப்படித் தாண்டினேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. வாசலில் அட்டை தட்டினால்தான் கதவு திறக்கும், அன்று தட்டியது என் அட்டை மட்டும்தான், பிறகு பார்த்துக்கொண்டேன். பயத்தில் தாளை உரித்து, உருட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், அந்தச் சாம்பலைக் கரைத்து ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

என் மேற்பார்வையாளர் டாக்டர் நேசமலரிடம் பாயைப் பற்றிச் சொல்லவில்லை. பிளாங்கைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஒரு வார்த்தையை இரண்டு முறை சொல்ல மாட்டார்.

"பிளாங்க் கெட்டால் தொகுதியே கெட்டது. பத்து எண்ணும் குப்பை. அறிக்கை இல்லை, போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். பிறகு பாரத்தைப் புரட்டிப் பார்த்து, "பெட்டி உம்முடைய கையில்தானே இருந்தது?" என்று கேட்டார்.

"ஆமாம் டாக்டர்" என்றேன்.

அதாவது, அந்த ஒன்றும் இல்லாத குழாய் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் கடைக்கரி என்று அறிக்கை போயிருக்கும், கோயில் போயிருக்கும். இதை நான் புரிந்துகொண்டது அன்று சாயங்காலம் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது. அக்கா போனில் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. கொண்டு போனது உங்க அண்ணன்.

அண்ணனை அவர் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் பிடித்தேன். தொகுதியைத் தூக்கிப் போட்டாயிற்று, சனிக்கிழமை மறுபடி தோண்ட வேண்டும் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏன் தூக்கிப் போட்டீங்க? கடைக்கரின்னுதான வந்திருக்கும்?"

கடைக்கரி என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

"நான்தாண்டா மாத்துனேன்" என்றார், லோரி டயரை மாற்றியதைச் சொல்வது போல. "அந்தக் கரிய பாலத்துக்குக் கீழ ஆத்துல கொட்டிட்டேன். மண்ணு அள்ற கான்ட்ராக்ட எனக்குத் தரேன்னு கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான். சொந்த லோரி எடுக்கலாம். இன்னும் எத்தன வருசம் அடுத்தவன் லோரியில குந்தி ஓட்டுறது?"

"அப்பா நடந்த குழிண்ணே அது."

"நடந்தாரு. கால்ல ஒண்ணும் ஆகல, நெஞ்சுல சளி கட்டிச் செத்தாரு. சாமிக்கு டவுன்ல வேற எடம் குடுப்பான்டா. எனக்கு யாரு குடுப்பா?"

"சரி, என்னைய ஏன்ணே இதுல இழுத்தீங்க? பாரத்துல என் பேருல்ல இருக்கு."

அண்ணன் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ என் தம்பி. வேற எவனாச்சும் லேப்புல இருந்தா அந்தப் பெட்டி என் கைக்கு வந்திருக்குமா?"

யாரும் என்னை அறைந்ததில்லை, அதனால் அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த வாக்கியம் எப்படி இருந்தது என்று தெரியும். இத்தனை வருஷம் என்னைப் படிக்க வைத்தவர், அந்தப் படிப்பு ஒரு நாள் இப்படி உதவும் என்று நினைத்தா வைத்தார்? இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் உதவும் நாள் வந்ததும் கை நீட்டி எடுத்துக்கொண்டார்.

"சொல்லிருவியா?" என்று கேட்டார். நான் டம்ளரையே பார்த்தேன். "டீ ஆறுது, குடி" என்றார். குடித்தேன்.

சனிக்கிழமை மறுபடி தோண்டினோம். நம்ப மாட்டீர்கள், அண்ணனே எல்லாருக்கும் முன்னால் வந்து நின்று முக்கால்வாசி மண்ணை அவரே தள்ளினார். பாக்கியம் அக்காவிடம் நான் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன், லேப்பில் கோளாறு என்று சொன்னேன். "லேப்பு தப்புதானடா, மனுசன் தப்பு இல்லல்ல? அது போதும்லா" என்று என் முதுகில் தட்டினார். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பெட்டிக்கு அங்கேயே முத்திரை ஒட்டி, அக்காவின் காரில் மடியிலேயே வைத்துக்கொண்டு காம்பார் வந்து சேர்ந்தேன்.

பத்துக் குழாயும் மலை எண். பதினோராவதில் ஒன்றும் இல்லை. மூன்று முறை ஓட்டினேன், வெறுமையாகவே வந்தது. அறிக்கை போனது, வயதும் எங்கள் பக்கம் வந்தது, அரை ஏக்கரை விட்டுவிட்டார்கள். மண் அள்ளும் வேலை யாருக்கோ போனது. முதல் தொகுதி ஏன் கெட்டது என்று டாக்டரைத் தவிர யாரும் கேட்கவில்லை, அவருக்கும் என் விடை பாதிதான். வீட்டில் நானும் அண்ணனும் ஒரே தட்டில் கருவாடு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த வருஷத் தீமிதிக்குக் கூட்டம் அலைமோதியது. கமிட்டி எனக்கும் அண்ணனுக்கும் பொன்னாடை போர்த்தியது. "இந்த அண்ணன் தம்பி இல்லன்னா இன்னைக்கு நாம எங்க நின்னுருப்போம்?" என்று பாக்கியம் அக்கா மைக்கில் கேட்டார், கைதட்டினார்கள். அண்ணன் கும்பிட்டார். அப்புறம் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றார், வருஷா வருஷம் நிற்கிறவர்தான். அன்றைக்காவது நிற்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நின்றதும் நான் இன்னொன்றை எதிர்பார்த்தேன். இந்தக் குழியில் நடந்து செத்துப்போனவர்கள், ஆய்வுக்கூடம் வரை நடந்து வந்தவர்கள், இங்கே சும்மாவா இருப்பார்கள்?

அண்ணன் தணலில் இறங்கினார். நிதானமாக, சந்தையில் காய் வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். நான் தணலைத் தாண்டியவர்கள் கால் நனைக்கும் பால்குழிக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் நின்றிருந்தேன், காலில் சாக்ஸும் கனத்த ஷூவும். அவர் முதல் அடி வைத்தபோது என் இடது பாதத்தில் சுரீர் என்றது. இரண்டாவது அடிக்கு வலது பாதம். நான் பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டேன், அருள் வந்துவிட்டது என்று அவர் எனக்குத் திருநீறு பூசிவிட்டார். அண்ணன் கரையேறினார். அம்மா குனிந்து அவர் பாதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாருங்கம்மா, என் புள்ள காலு சில்லுன்னு இருக்கு" என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கிளினிக்கில் தாதி என் இரண்டு பாதத்திலும் கட்டுப் போட்டார். கொப்புளங்கள் ஒவ்வொன்றும் வெள்ளிக் காசு அகலம் இருந்தன. பாரத்தின் இரண்டு கட்டத்திலும் இருந்தது என் பெயர்தானே.

"தீமிதிச்சீங்களா தம்பி?"

"இல்லக்கா."

"சும்மா சொல்லாதீங்க, எனக்குத் தெரியாதா? வருசா வருசம் பாக்குறேன்." அவர் குனிந்து தரையில் கிடந்த என் சாக்ஸை எடுத்தார், நேற்றுப் போட்டது, கொப்புளத் தண்ணீர் பட்டு ஒட்டிப்போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு நூல்கூடக் கருகியிருக்கவில்லை. அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, என் காலைக் கட்டும் வேலையைச் சீக்கிரம் சீக்கிரமாக முடித்தார்.